கண்ணாடி மாதிரி பளபளத்த கிராங்க் ஏன் உடைஞ்சுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

எனக்குச் சொந்த ஊர் எளாவூர். சென்ட்ரல்ல இருந்து வடக்க போற ரயில்ல கும்மிடிப்பூண்டி தாண்டினா அடுத்த ஸ்டேஷன். ஆந்திரா பார்டருக்கு முன்னாடி ஹைவேல ஒரு பெரிய செக்போஸ்ட் வருமே, லாரிங்க வரிசையா நிக்குமே, அதே எளாவூர்தான். கிழக்கால போனா பழவேற்காடு ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுற அன்னைக்கு எங்க வீட்டு மொட்டைமாடியில நிக்க இடம் இருக்காது.

நான் படிச்சது மெட்டலர்ஜி. இப்போ ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியோட லேப்ல வேலை. வேலை என்னன்னு கேட்டா ஒரு வரியில சொல்லலாம்: உடைஞ்சு வந்த இரும்பைப் பார்த்து, அது ஏன் உடைஞ்சுதுன்னு சொல்றது. இன்னைக்கு நான் பேசப்போறதும் ஒரு உடைஞ்ச இரும்பைப் பத்திதான். ஆனா அது கம்பெனிக்கு வந்தது இல்ல. எங்க மாமா வீட்டுப் பரண்ல, எண்ணெய்த் துணி சுத்தி, கோணிப்பையில 9 வருஷமா கிடந்தது.

மாமாவோட போட்

அம்மாவோட ஊர் ஏரிக்கரை மீனவக் குப்பம். மாமாகிட்ட ஒரு ஃபைபர் போட் இருந்துச்சு. ஒத்தை சிலிண்டர் டீசல் இன்ஜின். பழவேற்காடு முகத்துவாரம் வழியா கடலுக்குப் போவாங்க. நான் பத்தாவது பரீட்சை எழுதி முடிச்ச லீவுல அந்த இன்ஜின்ல தட்டுற சத்தம் வர ஆரம்பிச்சுது. மிஸ்திரி வந்து பிரிச்சுப் பார்த்தாரு. மாமாவும் அவரும் சின்ன வயசுல இருந்தே சிநேகம்.

"கிராங்க் தேஞ்சு போச்சுப்பா. புதுசு போட்டுடு"ன்னாரு.

கிராங்க்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பிஸ்டன் மேலயும் கீழயும் போற அசைவைச் சுத்துற அசைவா மாத்துற தண்டு. பழுக்கக் காய்ச்சின இரும்பை அச்சுல வெச்சு அடிச்சு உருவாக்குறதுதான் ஃபோர்ஜிங். மாமா இன்ஜின்ல இருந்தது அப்படிச் செஞ்ச கிராங்க்.

புதுசு வாங்க மாமாகிட்ட காசு இல்ல. இன்னொரு வழி இருந்துச்சு. தேஞ்ச இடத்தைக் கிரைண்டிங் பண்ணிச் சைஸைக் குறைச்சு, அந்தச் சைஸுக்கு ஏத்த பேரிங் போடுறது. செலவு பாதிக்கும் கீழ. மாமா என்னைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ்ல ஒரு பட்டறைக்குப் போனாரு. சாயந்திரம் வேலை முடிச்சு கையில குடுத்தாங்க. தேஞ்சு கறுத்துப் போயிருந்த இடத்துல என் முகம் தெரிஞ்சுது.

"கண்ணாடி மாதிரி இருக்கு மாமா. புதுசே இப்படி இருக்காது"ன்னு சொன்னேன்.

இதைச் சொன்னது நான். ஞாபகம் வெச்சுக்கோங்க.

மூணு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஒருநாள் விடிகாலை, கரை தெரியாத தூரத்துல, இன்ஜின் ஒரு சத்தம் போட்டு நின்னுடுச்சு. போட்ல மாமாவோட சேர்த்து மூணு பேர். அந்தப் பகலும் ராத்திரியும் காத்தும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போயிருக்காங்க. மறுநாள் மத்தியானம் நம்ம ஊர் போட் ஒண்ணு பார்த்துக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்துச்சு. உயிருக்கு ஒண்ணும் ஆகல. வலை போச்சு. ரெண்டு நாள் அத்தை சாப்பிடல.

இன்ஜினைப் பிரிச்சா கிராங்க் ரெண்டா கிடந்துச்சு. மாமாவுக்கு ஒரே முடிவு: மிஸ்திரி சரியா மாட்டல, ஆயில் போற வழியை அடைச்சுட்டான், புதுசு வாங்கச் சொல்லிக் கேக்கலன்னு கோவம். ஊர்ப் பஞ்சாயத்து வரைக்கும் போச்சு. "நான் ஒழுங்காத்தான் மாட்டினேன்"ங்கறதுக்கு மேல மிஸ்திரிக்கு எதுவும் சொல்லத் தெரியல. அபராதம் கட்டினாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. ஒரே தெரு. எதிரெதிர்ல வந்தா ஒருத்தர் திரும்பிப் போயிடுவாரு.

சாட்சிக்குன்னு மாமா அந்த உடைஞ்ச கிராங்கை எண்ணெய்த் துணி சுத்திப் பத்திரமா வெச்சாரு. அவர் வெச்ச சாட்சி கடைசியில வேற யாருக்கோ சாட்சி சொல்லுச்சு. அதுக்குத்தான் வரேன்.

பலம் இருந்தும் ஏன் உடையுது?

ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து ஒரே இழுப்புல அத்துப் பாருங்க. முடியாது. அதையே முன்னும் பின்னும் பத்து இருபது தடவை வளைங்க, கையோட வந்துடும். இரும்பு தாங்கக்கூடிய பாரத்தைவிட ரொம்பக் குறைஞ்ச பாரம்தான். ஆனா திரும்பத் திரும்ப வருது. இதுக்குப் பேர் உலோக அயர்வு. பட்டறையில 'ஃபட்டீக்'னு சொல்வாங்க.

மாமா இன்ஜினையே கணக்குப் போடுவோம். நிமிஷத்துக்கு 1,500 சுத்து. ரெண்டு சுத்துக்கு ஒருதடவை சிலிண்டருக்குள்ள வெடிக்கும். அப்போ நிமிஷத்துக்கு 750 அடி. மணிக்கு 45,000. ஒருநாளைக்கு 6 மணி நேரம் ஓடினா 2.7 லட்சம். 37 நாள் கடலுக்குப் போனா கிராங்க் வாங்கின அடி ஒரு கோடி. ஜெம் கிளிப் இருபதுலயே போகுது. கிராங்க் கோடியைத் தாண்டணும்.

இதை மனுஷங்க கத்துக்கிட்டது ரயில் அச்சுலதான். 1842 மே 8, பிரான்ஸ்ல வெர்சாய்ல இருந்து பாரிஸுக்குத் திரும்பின ரயில்ல முன் இன்ஜினோட அச்சு உடைஞ்சுது. பெட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறித் தீப்பிடிச்சு 50 பேருக்கு மேல செத்தாங்க. அந்தக் காலத்துல, ஆட்டம் தாங்காம இரும்பே உள்ளுக்குள்ள மாறிப்போயிடுதுன்னு பலர் நம்பினாங்க. அடுத்த வருஷம் வில்லியம் ரேங்கின்னு ஒரு இளம் இன்ஜினியர் உடைஞ்ச அச்சுகளை எடுத்துப் பார்த்துட்டு, அப்படி இல்லன்னாரு. அச்சோட தடிமன் மாறுற மூலையில, வெளிப்பக்கத்துல, சின்னதா ஒரு விரிசல் ஆரம்பிச்சு மெதுவா உள்ள போகுது. மூலையைக் கூர்மையா விடாதீங்க, வளைவா விடுங்கன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் ஜெர்மனியில ஆகஸ்ட் வோலர் பல வருஷம் அச்சுகளைச் சுத்தவிட்டு, எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுத்து தாங்கும்னு கணக்கு எடுத்தாரு. 1870-ல அந்த முடிவுகள் வந்துச்சு. இன்னைக்கும் நாங்க போடுற வரைபடம் அவர் காட்டின வழிதான்.

ரேங்கின் சொன்னதுல எனக்கு முக்கியமான வார்த்தை: வெளிப்பக்கம்.

ஏன் வெளிப்பக்கம்? ஒரு தண்டை வளைச்சா நடுவுல கிட்டத்தட்ட ஒண்ணுமே நடக்காது. இழுப்பு முழுக்க வெளித்தோல்லதான். அந்தத் தோல்லதான் கிரைண்டிங் கீறல் இருக்கும், துரு இருக்கும், அடிபட்ட தழும்பு இருக்கும். ஃபோர்ஜிங்ல இன்னொரு சங்கதியும் உண்டு. இரும்பை 1,200 டிகிரி பக்கம் காய்ச்சும்போது தோல்ல இருக்கற கரி காத்தோட எரிஞ்சு போயிடும். கரி போனா அந்த இடம் மெத்துன்னு ஆயிடும். உள்ள புலி, வெளிய பூனை. விரிசல் ஆரம்பிக்கறதுக்கு அது போதும்.

அதனால ஒரு ஃபோர்ஜிங் பாகம் எத்தனை நாள் உழைக்கும்ங்கறதுல, வெளியில இருக்கற அரை மில்லிமீட்டரை நீங்க எந்த நிலைமையில விட்டீங்கங்கறதுக்குப் பெரிய பங்கு இருக்கு. அந்த அரை மில்லிமீட்டர் உள்ளுக்குள்ள அமுங்கி இருக்கா, இழுபட்டு இருக்கா? கேள்வி அவ்வளவுதான்.

கூட்டமான லோக்கல் ரயில்

விரிசல்ங்கறது ஒரு வாய். அதைத் திறந்தாத்தான் வளரும். திறக்கணும்னா ரெண்டு பக்கமும் இழுக்கணும். தோல் ஏற்கெனவே இறுக்கமா அமுங்கி இருந்தா, இன்ஜின் இழுக்கற இழுப்பு முதல்ல அந்த அமுக்கத்தைக் கரைக்கணும், அப்புறம்தான் வாயைத் திறக்கணும்.

காலையில கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறியிருக்கீங்களா? திருவொற்றியூர் வர்றதுக்குள்ள பிரேக் போட்டாலும் யாரும் விழமாட்டாங்க. விழ இடம் இருக்காது. அதேதான். மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுற ஆசாரிங்களுக்கும் இது தெரியும். பட்டையைக் காய்ச்சி மாட்டித் தண்ணி ஊத்தினா அது சுருங்கிச் சக்கரத்தை நெருக்கிப் பிடிக்கும். அதுக்கப்புறம் மேடு பள்ளத்துல போனாலும் மரம் பிரியாது.

இரும்புத் தோலை அப்படி அமுக்கி வைக்கப் பல வழி இருக்கு. ஒண்ணு ஷாட் பீனிங். மணல் மாதிரி சின்னச் சின்ன எஃகு உருண்டைகளை வேகமா அடிக்கறது. ஒவ்வொரு உருண்டையும் ஒரு குட்டிக் குழி போடும். குழி விழுந்த தோல் பக்கவாட்டுல பரவப் பார்க்கும். கீழ இருக்கற இரும்பு விடாது. அந்த இழுபறியில தோல் அமுங்கிப் போயிடும். ஆழம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள்ளதான். ஆனா விரிசல் பிறக்கற இடமே அதுதானே.

இங்க ஒரு குழப்பம் உண்டு. ஷாட் பிளாஸ்டிங் வேற, ஷாட் பீனிங் வேற. ரெண்டுலயும் உருண்டைதான் பறக்கும். பிளாஸ்டிங் கறை நீக்க. பீனிங்ல எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம், எந்த மூலையும் விட்டுப்போகாம பட்டுச்சான்னு அளந்து பண்ணணும். அதுக்கு ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்த ஜான் அல்மென் ஒரு எளிமையான வழி கண்டுபிடிச்சாரு. ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை ஒரு பக்கம் மட்டும் அடி வாங்கவிட்டா அது வில்லு மாதிரி வளையும். எவ்வளவு வளைஞ்சுதோ அவ்வளவு அடி பட்டிருக்கு. எங்க லேப்ல இன்னைக்கும் அந்தத் தகட்டை வெச்சுத்தான் பார்க்கறோம். அடி அதிகமானாலும் கெடுதல்தான். தோல் மடிஞ்சு அங்கயே விரிசல் விடும்.

அடுத்தது, கிராங்கோட மூலை வளைவை உருளை வெச்சு அழுத்தி உருட்டறது. இன்னொண்ணு, மின்சுருள்ல தோலை மட்டும் சட்டுன்னு காய்ச்சித் தண்ணியில குளிர வைக்கறது. கடினமாகற தோல் கொஞ்சம் பருக்கப் பார்க்கும், இடம் இல்லாம அமுங்கும். ஜப்பான்ல 1964-ல ஓட ஆரம்பிச்ச ஷின்கான்சென் புல்லட் ரயிலோட அச்சுக்கு இந்த முறையைத்தான் வெச்சாங்க. அப்புறம் நைட்ரைடிங். 500 டிகிரி பக்கத்துல பல மணி நேரம் வெச்சு, நைட்ரஜனைத் தோலுக்குள்ள ஏத்தறது.

இதெல்லாம் எளாவூருக்குத் தூரமான சங்கதி இல்ல. 2023-ல இந்திய ரயில்வே, ராமகிருஷ்ணா ஃபோர்ஜிங்ஸும் டிட்டாகரும் சேர்ந்த கூட்டணிக்கு ஆண்டுக்கு 80,000 ஃபோர்ஜிங் சக்கரம்னு 20 வருஷ ஒப்பந்தம் குடுத்துச்சு. அதுக்கான ஆலை எங்க பக்கத்து ஊரு கும்மிடிப்பூண்டியில. ஒரு ரயில் சக்கரத்தோட சுற்றளவு சுமார் 3 மீட்டர். 50 கிலோமீட்டர் ஓடினா 16,000 தடவைக்கு மேல சுத்தும். அந்தச் சக்கரத்தோட விளிம்பை மட்டும் தண்ணி பீய்ச்சிக் குளிர வைக்கறது உலகம் முழுக்க இருக்கற வழக்கம். முதல்ல குளிர்ந்து இறுகின விளிம்பை, அப்புறம் மெதுவா குளிர்ந்து சுருங்கற மீதி இரும்பு நெருக்கிப் பிடிக்கும். விளிம்பு அமுங்கிடும். நம்ம மரச்சக்கரப் பட்டை மாதிரியே ஒரு வேலை. ஆனா பிரேக் கட்டை ரொம்ப நேரம் உரசி விளிம்பு அளவுக்கு மீறிச் சூடானா, இந்த அமுக்கமே தலைகீழா இழுப்பா மாறிடும். தோலை அமுக்கி வெச்சது நிரந்தரம் இல்ல. சூடு அதை அழிக்கும்.

அந்த வரியைப் பிடிச்சுக்கோங்க. மாமாவோட கிராங்குக்குத் திரும்பலாம்.

பரண்ல இருந்து இறங்கின சாட்சி

வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு உட்கார்ந்தப்போ பழைய பேச்சு வந்துச்சு. மாமா மறுபடியும் மிஸ்திரியைத் திட்ட ஆரம்பிச்சாரு. "அந்தக் கிராங்க் இன்னும் இருக்கா மாமா?"ன்னு கேட்டேன். இறக்கிக் குடுத்தாரு. துணியைப் பிரிச்சேன். எண்ணெய் புண்ணியத்துல உடைஞ்ச முகம் துருப்பிடிக்காம இருந்துச்சு.

ஏரியில தண்ணி வத்தும்போது கரைச் சேத்துல வரிவரியா ஒரு தடம் விடும் இல்லையா? நேத்து இதுவரைக்கும் தண்ணி, இன்னைக்கு இதுவரைக்கும்னு. அயர்வுல உடைஞ்ச இரும்போட முகத்துலயும் அதே மாதிரி வளைஞ்ச வரிகள் இருக்கும். இன்ஜின் ஓடி நின்னு, மறுபடி ஓடினதோட தடம். எங்க துறையில அதைக் கடற்கரை வரின்னே சொல்றோம். அந்த வரிகளைப் பின்னாடி பிடிச்சுக்கிட்டே போனா விரிசல் எங்க பிறந்துதோ அங்க கொண்டுபோய் விடும்.

மாமா கிராங்க்ல அந்த வரிகள் கிட்டத்தட்ட முழு முகத்தையும் மூடியிருந்துச்சு. கடைசியா ஒரே அடியில பிஞ்ச கரடுமுரடான இடம் ஒரு ஓரத்துல கொஞ்சூண்டுதான். அதுக்கு அர்த்தம், பாரம் ஒண்ணும் அதிகம் இல்ல. விரிசல் பொறுமையா நாள் கணக்குல நடந்து போயிருக்கு. ஆயில் போகாம பேரிங் பிடிச்சிருந்தா அந்த இடம் சூட்டுல நீலம் பாரிச்சு வரிவரியா கிழிஞ்சிருக்கும். இங்க கிரைண்டிங் பண்ணின இடம் இன்னும் பளபளன்னுதான் இருந்துச்சு. ஆயில் ஒழுங்கா போயிருக்கு. மிஸ்திரி ஒழுங்காத்தான் மாட்டியிருக்காரு.

வரிகள் கொண்டுபோய் விட்ட இடம் மூலை. பேரிங் உட்கார்ற தண்டும் பக்கச் சுவரும் சேர்ற மூலை. அங்க ஒரு வளைவு இருக்கணும். பட்டறையில 'ரேடியஸ்'னு சொல்வாங்க. அந்த ரேடியஸே இல்ல. கத்தியால வெட்டின மாதிரி நேர் மூலை. கிரைண்டிங் கல்லோட ஓரத்தை வளைவா சீவாம அப்படியே இறக்கியிருக்காங்க.

ஆபீஸ்ல கேட்டு, ஒரு சின்னத் துண்டு அறுத்து லேப்ல பார்த்தேன். ஆல்கஹால்ல கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்து துடைச்சா, சூடு பட்ட இடம் மட்டும் நிறம் மாறித் தெரியும். மூலையை ஒட்டிக் கறுப்புத் திட்டு. அவசரமா கிரைண்டிங் பண்ணினதுல தோல் வெந்திருக்கு. வெந்த இடம் விரியப் பார்த்துச் சுத்தி இருக்கற இரும்புல நசுங்கும். குளிர்ந்து சுருங்கும்போது பத்தாம இழுபட்டு நிக்கும். கம்பெனியில காசு செலவு பண்ணி அமுக்கி வெச்ச தோலை, இவங்க சுரண்டி எடுத்துட்டு, அடியில இருந்ததை இழுத்துவிட்டுக் கையில குடுத்திருக்காங்க. அதுல நான் முகம் பார்த்திருக்கேன்.

ஒண்ணு நியாயமா சொல்லணும். கிராங்க் கிரைண்டிங்கே தப்புன்னு நான் சொல்லல. ரேடியஸ் விட்டு, தண்ணி ஊத்தி நிதானமா பண்ணினா நல்லா உழைக்கும். தோல் எவ்வளவு ஆழத்துக்குக் கடினமா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணணும், அவ்வளவுதான். கால் மில்லிமீட்டர் சைஸ் குறைச்சா பக்கத்துக்கு 0.125 மில்லிமீட்டர் போகும். சில கிராங்குக்கு அது ஒண்ணுமே இல்ல. நைட்ரைடிங் பண்ணின கிராங்குக்கு அது சொத்துல பாதி.

தோலைப் பலப்படுத்திட்டா எல்லாம் சரியாயிடும்னும் சொல்லல. தோல் கெட்டியானா சில சமயம் விரிசல் உள்ள இருக்கற ஒரு அழுக்குத் துகள்ல ஆரம்பிக்கும். உடைஞ்ச முகத்துல அதைச் சுத்தி ஒரு வட்டம் தெரியும். அதுக்கு எங்க துறையில மீன்கண்ணுன்னு பேர். 1989 ஜூலை 19 அமெரிக்காவுல ஒரு டிசி-10 விமானத்தோட இன்ஜின் தட்டு வெடிச்சு 100 பேருக்கு மேல செத்தாங்க. டைட்டானியம் உருக்கும்போதே உள்ள தங்கிப்போன ஒரு குறைதான் ஆரம்பம். எந்த மேல்பூச்சும் அதைக் காப்பாத்தியிருக்காது. அதே மாதிரி துரு. 2009 ஜூன் 29 இத்தாலியில வியாரெஜ்ஜியோங்கற ஊர்ல கேஸ் ஏத்திக்கிட்டு வந்த சரக்கு ரயிலோட அச்சு அயர்வுல உடைஞ்சு 32 பேர் செத்தாங்க. அந்த அச்சுல துரு பிடிச்சிருந்துச்சு. உப்புக்காத்துல வாழற எங்க ஊர்க்காரங்களுக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகாது.

உங்க பைக்குக்கு

இதைக் கேக்கற பாதிப் பேர் பைக் வெச்சிருப்பீங்க. மூணே விஷயம்.

ஒண்ணு, பாரம் தாங்கற ஃபோர்ஜிங் பாகத்துக்கு அழகுக்காகக் குரோம் போடாதீங்க. கனமான குரோம் பூச்சுல கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் பிறவியிலயே உண்டு. பூச்சும் இழுபட்ட நிலைமையிலதான் இருக்கும். அடியில இருக்கற இரும்போட அயர்வு பலம் குறையும். விமான சக்கரக் கால்கள்ல போடறாங்களேன்னா, அங்க முதல்ல பீனிங் பண்ணிட்டு, பூச்சு போட்டப்புறம் அடுப்புல வெச்சு உள்ள போன ஹைட்ரஜனை வெளியேத்தறாங்க. ரோட்டோரக் கடையில அது நடக்காது.

ரெண்டு, அச்சுலயோ கனெக்டிங் ராட்லயோ வெல்டிங் வைக்காதீங்க, நம்பர் பஞ்ச் அடிக்காதீங்க. ஒரு தழும்பு போதும்.

மூணு, கிராங்க் வேலைக்குக் குடுத்தா மூணு கேள்வி கேளுங்க: ரேடியஸ் விட்டீங்களா? ஹார்ட்னஸ் பார்த்தீங்களா? விரிசல் செக் பண்ணீங்களா? காந்தம் ஏத்தி, ஒளிர்ற தூள் கலந்த திரவம் ஊத்தி, இருட்டுல ஊதா விளக்கு அடிச்சா முடி மாதிரி விரிசல்கூட மின்னும். பெரிய பட்டறைகள்ல அந்த வசதி உண்டு. கேக்கறவங்களுக்குத்தான் செய்வாங்க.

மிஸ்திரி வீட்டுல

லேப்ல பார்த்ததை மாமாகிட்ட சொன்னேன். போட்டோ காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அப்போ அவன் மேல தப்பு இல்லையா பாப்பா?"ன்னாரு.

"இல்ல மாமா. பளபளன்னு இருக்குன்னு சொன்ன என் மேலதான் கொஞ்சம் இருக்கு."

"நீ கொயந்த. எனக்கு இன்னா ஆச்சு?"

மறுநாள் ஏரி நண்டு ஒரு கூடை எடுத்துக்கிட்டு என்னையும் கூட்டிக்கிட்டு மிஸ்திரி வீட்டுக்குப் போனாரு. 9 வருஷம் கழிச்சு. வாசல்ல கூடையை வெச்சாரு. பேச வரல. நான்தான் கோணிப்பையைப் பிரிச்சுக் கிராங்கை எடுத்துக் குடுத்தேன். வரி, திட்டு, அமிலம்னு என்னென்னவோ சொல்ல ஆரம்பிச்சேன்.

மிஸ்திரி என் பேச்சைக் கேக்கல. கிராங்கைத் திருப்பி, கட்டை விரல் நகத்தை அந்த மூலையில வெச்சு ஒரு இழுப்பு இழுத்தாரு. நகம் மாட்டி நின்னுடுச்சு.

"இங்க வழுக்கிக்கினு போவணும்மா. மாட்டக் கூடாது"ன்னாரு. அப்புறம் மாமாவைப் பார்த்தாரு. "நீ கொண்டாந்து குடுத்தன்னிக்கே இது மாட்டிச்சு. மூலை சரியில்ல, திருப்பிக் குடுத்துட்டு வான்னு சொல்லலாம்னு இருந்தேன். பொண்ணு கண்ணாடி மாதிரி இருக்குன்னு சந்தோசமா சொல்லிக்கினு இருந்துச்சா, நீயும் கடன் வாங்கித்தான் பண்ணியிருப்ப. ஓடும்னு மாட்டிட்டேன். பஞ்சாயத்துல அதைச் சொன்னா எந்தப்பாதானே ஆவும்?"

அப்போ யார் மேல தப்பு? மூலையைச் சீவாத பட்டறைக்காரர்மேலயா? மாட்டுதுன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்காத மிஸ்திரிமேலயா? பாதிக் காசுன்னு பார்த்த மாமாமேலயா? பளபளப்பைப் பார்த்து மயங்கின என்மேலயா? லேப் ரிப்போர்ட்ல நான் எழுதற மாதிரி ஒரு வரியில எழுத எனக்கு இன்னும் வரல. ஆனா ஒண்ணு தெரியும். அன்னைக்கு யாராவது ஒருத்தர் ஒரு நகத்தை வெச்சுப் பார்த்ததை வாய்விட்டுச் சொல்லியிருந்தா, மூணு பேர் ஒரு ராத்திரி கடல்ல கிடந்திருக்க மாட்டாங்க. ரெண்டு சிநேகிதங்க 9 வருஷம் பேசாம இருந்திருக்க மாட்டாங்க.

இப்போ லேப்ல புது ஆளு யார் சேர்ந்தாலும், மைக்ராஸ்கோப்புக்கு முன்னாடி நான் கத்துக் குடுக்கறது இதைத்தான். மூலையில நகத்தை வெச்சு இழுத்துப் பாரு. மாட்டிச்சுன்னா சொல்லு. எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் சரி, யார் சந்தோஷமா இருந்தாலும் சரி, சொல்லிடு.